அப்பாவின் காதைக் கிழித்த பூஸ்டர்

அன்புச் சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் குறைவில்லாமல் நலமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். போனை விட்டுவிட்டு இதென்ன திடீர்க் கடிதம் என்று பதறாதே, காரணம் வருகிறது.

டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து உன் கிடாரை அமுக்கிவிடுகின்றன என்று புலம்பினாயே, அதற்காக ஒரு டிரெபிள் பூஸ்டர் செய்தேன். காலால் ஒரு மிதி மிதித்தால் கிடாரின் கூர்மையான சத்தத்தை மட்டும் தூக்கிக் கொடுக்குமே, அதுதான். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் சும்மா இருப்பாளா? பழைய ரேடியோவில் கழற்றிய டிரான்சிஸ்டர், இரண்டு மூன்று கெப்பாசிட்டர், சதுர பேட்டரி, எல்லாம் என் ஊசிநூல் டப்பாவுக்குள் அடக்கம். நீ விட்டுப்போன பழைய கிடாரையும் ஸ்பீக்கரையும் மாட்டி மிதித்துப் பார்த்தால் சத்தம் கூடுவதற்குப் பதில் குறைகிறது. ஈயம் பற்றவைத்ததில்தான் கோளாறு என்று பிரித்துச் செய்தேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன், கூர்மை இன்னும் கூடட்டும் என்று சின்னச் சின்ன கெப்பாசிட்டராகப் போட்டேன், கடைசியில் ஒன்றுமே கேட்கவில்லை. அப்பாவோ அடுக்களையிலிருந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்து, காது கிழியுது, நிறுத்துடி என்று கத்துகிறார். இந்த மனுஷனுக்கு என் கைவேலை என்றாலே இளக்காரம் என்று முறைத்தேன். எதிர்வீட்டுத் தையல்காரரும் ஜன்னலை இழுத்துச் சாத்தியபோதுதான், கோளாறு டப்பாவில் இல்லையோ என்று காலை எடுத்தேன்.

அப்பாதான் காது டாக்டரிடம் இழுத்துப்போனார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க என்றார்கள். பாதி நேரம் மெஷினையே போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். மில் இரைச்சலில் நின்ற காது, கனத்த சத்தம் கேட்கும், கூர்மையான சத்தம் போய்விட்டது, காதில் மெஷின் வைத்தால் கொஞ்சம் தேறும் என்றார் டாக்டர். அப்பா பேசுவதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறேன். போனில் உதடு ஏது?

அதை நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காது போனதற்காக இல்லை. போன தடவை நீ தணிந்த குரலில் நெடுநேரம் ஏதோ சொன்னாய். பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டால் அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்பாயோ என்று வெட்கப்பட்டு, ரொம்ப நல்லதும்மா என்று சொல்லிவைத்தேன். நீ சட்டென்று போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை, அப்பா கூப்பிட்டாலும் வேலை இருக்குப்பா என்று முடித்துவிடுகிறாயாம். என்ன சொன்னாய் கண்ணு? அழுதாயா? நீ அழுதால் நல்லது என்று சொல்கிறவளா நான்?

அப்பா சரி என்று தலையாட்டும்வரை கெப்பாசிட்டரை மாற்றி மாற்றிப் போட்டு பூஸ்டரைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிடாதே. எந்தக் கூட்டத்திலும் உன் கிடார் தனித்துக் கேட்கட்டும், நீ மனம் நிறைந்து நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்குச் சொன்னதை ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. பொடி எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, கண் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா