வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸ்

அரைப்புருவம்,

இன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடக் கணினி அறையில் ஒரு பவர் சப்ளை வெடித்தது. கதிரைகளை உதைத்துத் தள்ளிவிட்டு எல்லோரும் ஓடினார்கள். நான் மட்டும் நின்றேன். வீரமெல்லாம் இல்லை மச்சான், கருகிய வாடை காலைக் கட்டிப்போட்டது. அன்று உன் முகத்திலிருந்து வந்த அதே வாடை.

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தில் இருந்த உங்கள் வீட்டில், பழைய சாமான் கடையிலிருந்து நீ தூக்கிவந்த கணினி போட்ட ஃபியூஸை எல்லாம் தின்றது. மூன்றாவது வெடித்தபோது லயம் முழுக்கக் கரண்ட் போனது. உன் அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்து நின்றார்.

"இன்னொரு தடவ வெடிச்சா பெட்டியயும் வெட்டுவேன், ஒன்னையும் வெட்டுவேன்."

"என்னைய மொதல்ல வெட்டுங்கப்பா, பெட்டி பாவம்" என்றாய். நான் சிரித்துத் தொலைத்தேன்.

உனக்கென்று ஒரு முறை இருந்தது. பெட்டிக்குக் கரண்ட் போகும் வழியிலேயே நூறு வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடுத்துவிடுவாய். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் பளீரென்று எரியும், பெட்டி தப்பிக்கும். "பல்பு பளிச்சுன்னா கைய எடுத்துரு" என்பாய். அன்று அந்த பல்ப் உடைந்திருந்தது. புது பல்பும் ஃபியூஸும் வாங்கக் கடைக்குப் போனாய். எனக்குக் கை அரித்தது. தேயிலைப் பக்கற்றின் வெள்ளித்தாளைக் கிழித்து, எரிந்த ஃபியூஸில் சுற்றி, பிளக்குக்குள் போட்டு மூடிவைத்தேன். லயத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தானே.

நீ வந்ததும், "டேய், ஒன் பெட்டிக்குச் சொகமாயிருச்சு" என்றேன்.

"என்னாடா பண்ணுன?"

"மந்திரம்!"

வாங்கிவந்த பல்பைப் பிரிக்காமலே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே குனிந்து சுவிட்சைத் தட்டினாய். போகவேண்டிய ஃபியூஸ் போகவில்லை. பெட்டி வெடித்தது. தெறித்த துண்டு உன் நெற்றியைக் கிழித்தது, ஒரு புருவத்தில் பாதியைப் பொசுக்கியது. இரத்தம் வாய்வரை வழிந்தது.

உன் அப்பா பிளக்கைப் பிடுங்கித் திறந்தார். "யாருடா இதச் சுத்துனது?"

ஓயாமல் வாயாடுகிற என் வாய் அப்போது ஃபியூஸ் போய்க் கிடந்தது.

"நாந்தாம்ப்பா" என்றாய்.

பெல்ட் உன் முதுகில் விழுந்தது. இரத்தம்கூடத் துடைக்காத பிள்ளைக்கு அத்தனை அடி. வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். மறுநாள் நீ சொன்னது: "வெடிச்சது பெட்டி மட்டுந்தான்னு நெனச்சுக்க, நாம இல்ல." அடுத்த மழைக்காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் நேரே உன் வீட்டுக்குப் போனேன்.

"மாமா, அந்த வெள்ளித்தாளச் சுத்துனது நான்."

உன் அப்பா அறைந்தார். சுவரில் போய் மோதினேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா எம் புள்ளய அடிச்சிருப்பேனாடா?" மறுபடி கையை ஓங்கினார். அது விழவில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து எதையோ இழுத்தார். அதே பெட்டி. வெட்டவே இல்லையடா. அதன்மேல் நீ கடைசியாக வாங்கிவந்த பல்ப், உறைகூடப் பிரிக்காமல்.

"எடுத்துட்டுப் போ. பல்பப் போட்டுப் பாரு."

இப்போது என் மேசையில், உன் பெட்டிக்குத் தொடுத்த பல்ப் எரிகிறது, பளீரென்று. என் கன்னமும்தான்.

கையை எடுத்துவிட்டேன், மச்சான்.