சரவணை வரை கேட்க வேண்டும்

1979 யூலை 8, ஞாயிறு

சோளகக் காற்று. வேலியில் இரண்டு ஓலைக் கிடுகு பறந்துவிட்டது. கட்ட வேண்டும். கட்டவில்லை.

திருவிழாவுக்கு மூன்று கிழமை. எங்கள் பாட்டுக் கோஷ்டிக்குச் சொந்த அம்பிளிபயர் வாங்குவதென்று முடிவு. இந்த முறை குணத்தின் சவுண்ட் செற்றில் வாசிக்கப் போவதில்லை. செத்தாலும் இல்லை.

மறந்துபோகாமல் இருக்க எழுதி வைக்கிறேன். போன வருடம் பூங்காவனத் திருவிழா. தங்கச்சி மலர் இரண்டாவது பாட்டில் பாதி பாடியிருப்பாள். மைக் செத்தது. என் எக்கோடியன் துருத்தி மட்டும் தனியே இழுபட்டுக்கொண்டிருந்தது. சவுண்ட் செற்காரன் குணம் தன் மைக்கில், ஊர் முழுக்கக் கேட்க: “புளியங்கூடல் பிள்ளையளுக்கு இவ்வளவும் போதும்.” சனம் சிரித்த சிரிப்பு! மூன்று நாள் கடைக்குப் போகவில்லை நான். தபால் கந்தோரில் முத்திரை வாங்க வந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

குணத்தின் வீடு சரவணையில். அம்பிளிபயர் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டுமென்றால், புளியங்கூடலில் போட்டால் அவன் வீட்டுக் கிணற்றடியில் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

யூலை 10, செவ்வாய்

கந்தோர் முடிந்து ஊர்காவற்றுறை. ரேடியோ திருத்தும் சூசை அண்ணையிடம். கதிரை முழுக்கக் கழற்றிப்போட்ட ரேடியோக்கள். இருக்க இடமில்லை, நின்றுகொண்டே கதைத்தேன்.

இதுவரை பார்த்தவை:

1. ஜப்பான் செற், புதுசு. பட்டணத்துக் கடையில். பெட்டியில் நூறு வற்ஸ் என்று கொட்டை எழுத்து. விலையும் கொட்டைதான்.
2. மூடிக்கிடக்கும் தியேட்டர் ஒன்றின் பழைய வால்வு செற். சத்தம் தேன். பாரம், இரண்டு பேர் தூக்க வேண்டும். வால்வு போனால் மாற்ற வால்வு இல்லை.
3. சூசை அண்ணை தானே செய்து தருவது. இரும்புப் பெட்டி, அழகில்லை. கரண்டிலும் ஓடும், கார் பற்றரியிலும் ஓடும். மலிவு.

ஜப்பான் செற்றைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

“தம்பி, பெட்டியிலை எழுதிக் கிடக்கிற வற்ஸ் பாடாது. பின்பக்கத் தகட்டைப் பாத்தனீரோ? எவ்வளவு கரண்ட் இழுக்குது எண்டு போட்டிருக்கும்.”

பார்த்திருந்தேன். அறுபது.

“அறுபதை விழுங்கிப்போட்டு நூறைத் துப்புமோ?”

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? படித்தவன் என்று பெயர்.

யூலை 12, வியாழன்

மலர் பாட்டுப் பழக்கத்துக்கு வரமாட்டாளாம். தொண்டை சரியில்லையாம். போன வருடமும் இதே தொண்டை. ஒரு அறை விட்டேன். பிறகு வந்தாள். அம்மா குசினியில் பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டினா.

அதே பாட்டு. விட்ட இடத்திலிருந்து பாட வேண்டும். குணம் முன்னால் நிற்க வேண்டும்.

ட்றம்ஸ் பாலன் சொல்கிறான், “அண்ணை, வேறை பாட்டுப் போடுவம்.” அவனுக்கு என்ன தெரியும்.

யூலை 15, ஞாயிறு

சைக்கிளை விற்றேன். இனிக் கந்தோருக்கு நடை.

சூசை அண்ணையிடம் மூன்றாவதைச் செய்யச் சொன்னேன். கேட்டார், “எதுக்கு? கோஷ்டிக்கோ, கோயிலுக்கோ?”

“கோஷ்டிக்கு.”

“அப்ப பெட்டி ஸ்பீக்கர் போடும். கிற்றார், எக்கோடியன், பிள்ளையின்ர குரல், எல்லாம் பிரிஞ்சு வடிவாக் கேக்கும். முன்னாலை இருக்கிற சனத்துக்குப் போதும்.”

“சரவணைக்குக் கேக்குமோ?”

“அதுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டவேணும். குழாயிலை பாட்டு மூக்காலை பாடினமாதிரித்தான் வரும். ஆனாக் கதைச்சால் ஒவ்வொரு சொல்லும் விழும். உமக்கு எது வேணும்?”

குழாய் என்றேன். “ஆரோடை கோவம்?” என்றார். சைக்கிள் காசை எண்ணி வைத்தேன்.

யூலை 18, புதன்

வெயில். நடந்து நடந்து குதிக்கால் வெடித்துவிட்டது. வழியில் குணத்தின் வான் என்னைத் தாண்டிப் போய் நின்றது. “ஏறும் தம்பி, அந்தப் பக்கம்தான் போறன்.” ஏறவில்லை. என் நடையைப் பார்த்து ரசிக்க நிறுத்தியிருக்கிறான். “தங்கச்சி சுகமோ?” என்றும் கேட்டான். நாய். என்ன துணிவு.

யூலை 22, ஞாயிறு

அம்பிளிபயர் வந்தது! மாட்டுவண்டியில், சாக்கு சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சூசை அண்ணை கடைசியாகச் சொன்னது: “கோயில் ஜெனறேற்றரை நம்பாதையும். அது ஏறி இறங்கும். பற்றரியிலை ஓட்டும்.”

கோயிலடிப் பனையில் குழாய் இரண்டு. வாய் சரவணைப் பக்கம். காற்றும் அந்தப் பக்கம்தான். பாலனைச் சரவணைச் சந்தியில் நிற்க அனுப்பிவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தான். முகமெல்லாம் பல்.

“எண்ணினது மட்டுமில்லை அண்ணை, நீங்கள் செருமினதும் கேட்டது.”

இன்று முழுக்கச் சந்தோஷம். இரண்டு தட்டுச் சோறு.

மலர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். “இதிலை குறைக்கிறது எது, அண்ணை?” என்று கேட்டாள். குமிழைக் காட்டினேன். “நான்தான் பக்கத்திலை இருப்பன். ஒருத்தரும் குறைக்க ஏலாது” என்றேன். பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

யூலை 29, ஞாயிறு. பூங்காவனம்.

ஒழுங்காக எழுத வேண்டும்.

பின்னேரம் ஐந்து மணி. கோயில் செற் குணத்தினுடையது, எங்கள் மேடைக்கு எங்கள் செற், பற்றரியில். ஐந்தரைக்கு ஜெனறேற்றர் ஒருமுறை உறுமியது. குணத்தின் செற்றிலிருந்து புகை. கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன்.

கோயில் சபைக்காரர் அவனைச் சுற்றி நின்று கத்தினார்கள். பிறகு அவன் எங்கள் மேடைக்கு வந்தான். வேட்டியில் கரி. நான் மைக்கைத் திறந்துவிட்டேன். அவன் வாய்க்கு நேரே தள்ளியும் வைத்தேன்.

“தம்பி, என்ர செற் எரிஞ்சுபோச்சு. ஐயற்றை மைக்குக்கு உம்மட அம்பிளிபயரிலை ஒரு வயர் தாரும்.”

குரல் குழாயில் போய்த் திரும்பி வந்தது. அண்ணாந்து பனையைப் பார்த்தான். முப்பது வருடமாக மைக்கோடு கிடப்பவன், விளங்கிவிட்டது. ஆனாலும் விலகவில்லை. “பெரிய மனசு பண்ணும்” என்றான். சனம் திரும்பிப் பார்த்தது.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

என்னிலும் மூத்தவன், இவ்வளவு நாளும் நீங்கள் என்றுதான் கதைத்தேன். முதல் தடவையாக ‘நீர்’ என்று, “போன வருசம் என்ன சொன்னனீர்? ஏன் என்ர தங்கச்சியின்ர மைக்கை நிப்பாட்டினனீர்? சொல்லும், வயர் தாறன்.”

“தம்பி, மைக்கை மூடும். பிறகு சொல்லுறன்.”

“இப்பவே சொல்லும். ஊர் கேக்கட்டும்.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற மலரைப் பார்த்தான். தலையை ஆட்டினான், வேண்டாம் என்பதுபோல. “என்ர பிழைதான்” என்றான். “மன்னிச்சுக்கொள்ளும்.”

எனக்கு அந்த நிமிடம் எப்படி இனித்தது என்று எழுதாமல் விட்டால் பொய்.

மலர் என்னைத் தாண்டி வந்தாள். மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அவர் பிழை செய்யேல்லை. நான்தான் நிப்பாட்டச் சொன்னனான். எனக்கு மேடையிலை பாட ஏலாது. அண்ணை அடிச்சுத்தான் கொண்டந்தவர். சனம் என்னைப் பாத்துச் சிரிக்காமல் தன்னைப் பாக்கட்டும் எண்டுதான் குணம் அண்ணை அப்பிடிச் சொன்னவர். இந்த முறையும் அடிச்சுத்தான் கொண்டந்தவர்.”

குமிழ் என் கைக்குக் கீழே. கை எழும்பவில்லை. அவள் குரல் இவ்வளவு தெளிவாக நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. போன வருடம்போலச் சிரித்திருந்தால் நல்லது.

ஐயருக்கு வயரை மலர்தான் எடுத்துக் கொடுத்தாள். குணத்தார் பொருத்தினார். நான் எக்கோடியனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

யூலை 30, திங்கள்

காற்று விழுந்துவிட்டது. வேலியைக் கட்டினேன். இரண்டு கிடுகுக்கு விடியற்காலை முழுக்கப் போயிற்று.

அம்மா கதைக்கவில்லை. மலர் கதைத்தாள், வழமைபோல, “அண்ணை, தேத்தண்ணி.” தொண்டையில் ஒரு குறையும் இல்லை. ஏன் என்னிடம் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னனான் அண்ணை. ரெண்டு தரமும் சொன்னனான்” என்றாள்.

கந்தோருக்கு நடந்து போனேன். பதினொரு மணிபோல முத்திரை வாங்க ஒரு மனிசி. என்னை யாரென்று தெரியாது. கூட வந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தா:

“நேற்று ஒரு பிள்ளை மைக்கிலை கதைச்சதடி. சரவணையிலை எங்கட கிணத்தடியிலை நிண்டு கேட்டனான். ஒரு சொல்லும் பிசகேல்லை.”

முத்திரையைக் கிழித்துக் கொடுத்தேன்.

அம்பிளிபயரில் ஒரு குறையும் இல்லை.