ஏசி துளைகளை அடைத்தவன் நான். வேலை இழந்தவர் சம்பத்

அனுப்புநர்
க. லோகு (வயது 67),
துப்புரவுப் பணியாளர்,
மீனவர் குடியிருப்பு, கோவளம்.

பெறுநர்
தொழிலாளர் அலுவலர் அவர்கள்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: நாவலூர் அலுவலகக் கட்டடத்தில் ஏசி இயக்குபவர் சம்பத் என் தவறுக்காக நீக்கப்பட்டது – அவருக்கு மீண்டும் பணி வழங்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வளர்கல்வி மையத்தில் ரத்தினபாய் டீச்சரிடம் எட்டு மாதம் படித்து, நானே எழுதும் முதல் மனு இது. நான்கு நாட்களாக எழுதுகிறேன். எழுத வருகிறதே என்று மகிழ்ச்சிதான். எழுத வேண்டிய விஷயம்தான் வெட்கக்கேடு.

1. நான் வேலை செய்யும் கண்ணாடிக் கட்டடத்தில் ஜன்னல் திறக்காது. ஆறாவது மாடியில் சத்யப்ரியா என்ற பெண் நாள் முழுவதும் போனில் வெளிநாட்டாருடன் பேசுகிறார். அவர் தலைக்கு மேலேயே ஏசி காற்று வரும் துளை. அந்த இரைச்சலில் எதிர்முனைப் பேச்சு கேட்காமல் தினமும் திட்டு வாங்கினார். "தாத்தா, இந்தச் சத்தத்த ஏதாவது பண்ணுங்களேன், தலையே வெடிக்குது" என்றார்.

2. படகில் பலகை இடுக்கு ஒழுகினால் பழைய வலைநூலைத் திணித்து அடைப்பது எங்கள் வழக்கம். அதே போல் துளைக்குள் வலைத்துண்டைத் திணித்தேன். சத்தம் நின்றது. அவர் கைதட்டினார். மற்ற மேசைக்காரர்களும் கேட்க, பதினோரு துளைகளை அடைத்தேன். பெருமையாக இருந்தது.

3. சத்தத்தோடு காற்றும் நின்றதை நான் யோசிக்கவில்லை. மாடி புழுங்கியது. இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடி, மின்சாரச் செலவு ஏறியது. சம்பத் சரியாகப் பராமரிக்கவில்லை என்று மேலாளர் அவரை நீக்கினார். "நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? மிஷின் நல்லாத்தான் கீது" என்று அவர் எல்லோர் முன்னும் கேட்டபோது, மூன்றடி தள்ளித் துடைப்பத்துடன் நின்றிருந்தேன். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினேன்.

4. பயந்துபோய் ஒரு ஞாயிற்றுக்கிழமை வலைகளை எல்லாம் பிடுங்கினேன். மின்சாரச் செலவு இறங்கியது. "பாத்தீங்களா, அவன் போனதும் சரியாயிடுச்சு" என்கிறார் மேலாளர். நான் சரிசெய்ததே சம்பத்துக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது.

5. அவர் வேலை தேடி அலைகிறார். பஸ் நிறுத்தத்தில் பார்த்தால், "இன்னா நைனா, துன்னியா?" என்று கேட்டு டீ வாங்கித் தருகிறார். நானும் வாங்கிக் குடித்துவிட்டு வருகிறேன்.

6. ஐயா அவர்கள் சம்பத்துக்கு வேலை திரும்பக் கிடைக்கச் செய்ய வேண்டும். தண்டனை எனக்குத் தாருங்கள். பிடுங்கிய வலைகள் ஒரு சாக்கில் என்னிடம் உள்ளன. காற்றை விட்டு இரைச்சலை மட்டும் அடக்கும் பஞ்சுப் பலகையைக் காற்றுக் குழாய்க்குள் ஒட்டலாம் என்று சம்பத் முன்பே மேலாளரிடம் கேட்டிருந்தார். அதையும் செய்யச் சொல்லுங்கள். அந்தப் பெண் மறுபடியும் திட்டு வாங்குகிறார்.

7. விசாரணைக்கு எங்கள் இருவரையும் ஒரே நாளில் அழையுங்கள். சம்பத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மனுவை அவர் முன்னால் நானே படித்துவிடுகிறேன்.

இடம்: கோவளம்
நாள்: 14.8.2007

இப்படிக்கு,
க. லோகு