தச்சரின் சனிக்கிழமை

அக்காவுக்கு,

சிறையிலிருந்து வந்த கடிதம்னு கிழிச்சுப் போட்டுடாதே. புலம்பப் போறதில்லை. ஒரே ஒரு வயித்தெரிச்சல், அதைக் கொட்டிட்டுப் போயிடறேன்.

என்கூட அறையில இருக்கிற தச்சருக்குச் சொந்தபந்தம் யாருமில்லை. அப்படிப்பட்டவங்களோட பேசிப் பழகறதுக்குன்னே வெளியிலிருந்து தன்னார்வலர்கள் வர்றாங்க. இவருக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு டீச்சரம்மா. வெள்ளிக்கிழமையே மனுஷன் மாப்பிள்ளை மாதிரி சவரம் பண்ணிக்கிறார். பார்த்துட்டு வந்து என் உயிரை வாங்குறார்: "வரிசையா மூணு தும்மல் போட்டுட்டு, 'போச்சுடா'ன்னு தலையில கை வைப்பாங்கப்பா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உலகத்துல அப்படித் தும்முறது நீ ஒருத்திதான். அவர்கிட்ட நான் மூச்சு விடலை.

நாலு வருஷமா எனக்கு உன்கிட்டேருந்து ஒரு வரி கிடையாது. வண்டியை ஓட்டினது நான், பக்கத்துல உட்கார்ந்திருந்த அத்தான் வீடு திரும்பலை. அதுக்கு மேல எழுத எனக்குக் கை வரலை.

ஆனா தச்சரோட மூட்டுவலியை ஒவ்வொரு வாரமும் விசாரிக்கிறியாம். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தர்றியாம். ஒரு எழுத்து தப்பினாலே என் மண்டையில நங்குன்னு குட்டுவியே, அவரைக் குட்டவே மாட்டியாமே!

நேத்து நானும் தன்னார்வலர் கேட்டு மனு கொடுத்துட்டேன். சொந்தக்காரங்க இருந்தா அனுப்ப மாட்டாங்களாம். உறவினர்ங்கிற கட்டத்துல 'யாருமில்லை'ன்னு எழுதினேன். அதிகாரி நம்பிட்டார்.

உன் பட்டியல்ல என் பேர் வந்தா, முன்பின் தெரியாதவன்னு நினைச்சாவது வா. ஒரு குட்டு குட்டிட்டுப் போ.

இப்படிக்கு,
யாருமில்லாதவன்