முள்ளிக்குடிக் குளத்துக்கு இட்ட முத்திரை

கோன்கொடி ஓங்குக, கார்முகில் காலம் தவறாதிருக்க. நெல்லும் நீரும் குறையாத தென்கரை நாட்டை நடத்துபவரும், வழக்கில் வளையாத கோலுடையவருமான மழவரையர் திருமுன்புக்கு, அரசர் பேரால் நாட்டு வாரியங்களைக் கண்காணிக்கும் செங்கோடனார் விடுத்த ஓலை. தம்மை 'நான்' என்று எழுதக் கை கூசுவதால், யாரோ ஒருவரைப்போல் 'அவர்' என்றே எழுதுகிறார், பொறுத்தருள்க.

வெள்ளம் கொண்டுபோன முள்ளிக்குடிக்குப் புதிய மனைகளும் குளமும் வகுக்கத் தங்கள் நாட்டு ஊர்வகுப்பு வாரியத்தை அரசர் பணித்ததும், வகுத்ததை நேரில் கண்டு முத்திரையிடும் பொறுப்பு செங்கோடனாருக்கு வாய்த்ததும் தாங்கள் அறிந்தவை. முதியவரை அலையவிடலாகாது என்று கருதிய வாரியத்தார், முள்ளிக்குடியைக் களிமண்ணில் செய்து அவர் வாசலிலேயே வண்டியில் கொண்டுவந்து இறக்கினர். அதன் அழகு பெரிது. அக்குளத்தில் பாய்ந்த மீன்கொத்தி ஒன்றுக்கு அலகு வளைந்துபோயிற்று. இன்றும் அது அவர் வீட்டுக் கஞ்சியில்தான் காலம் தள்ளுகிறது. செங்கோடனார் கட்டைவிரல் உயரக் கோயிலின்முன் செருப்பைக் கழற்றினார். தேர் திரும்பத் தெரு போதாது என்று கடிந்தார். வாரியத்தார் அங்கேயே அதை இரண்டு விரற்கடை அகலப்படுத்தியதும் மகிழ்ந்து முத்திரையிட்டார்.

பின்னர் அவ்வூர்ப் பூதிநங்கை தங்கள் மன்றேறி, குளம் வெட்டியாயிற்று என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறதென்று எங்கள் எருமைகளிடமாவது சொல்லியிருக்கலாமே என்று முறையிட்டாள். கண்காணியின் முத்திரையைப் பொய் என்பாரைச் சிறையிடுக என்பது சட்டம். இட்டீர்கள். நாற்பத்தொரு நாளாயிற்று. வரும் முழுமதியன்று அவளை நாடுகடத்தவும் தீர்ப்பாகியிருக்கிறது.

ஆறு நாள் முன்பு, மணவிழா ஒன்றுக்குப் போகும் வழியில், தாம் முத்திரையிட்ட ஊரில் இளைப்பாற விரும்பிச் செங்கோடனார் பல்லக்கைத் திருப்பச் சொன்னார். இறக்கிய இடம் முட்காடு. வழி தவறினீர்கள் என்று ஆட்களை வைது, அதே காட்டை மூன்று முறை சுற்றவைத்தார். முள் வெட்டிக்கொண்டிருந்த ஒருவனிடம் புதிய ஊர் எங்கே என்று வினவ, அவன் நிமிர்ந்து, "ஊரா, தாத்தா? இந்தக் குழியிலதான் மண்ணெடுத்துச் செஞ்சாங்க. காயவெச்சு, வண்டியில ஏத்தித் தலைநகருக்குக் கொண்டுபோயிட்டாங்களே! நீங்க பாக்கலையா?" என்றான். பல்லக்காட்கள் நால்வரும் ஆளுக்கொரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

ஆதலால், அரசர் பேரால் ஆணை. பூதிநங்கை சொன்னது மெய். அவளை இக்கணமே விடுவிக்க. அவள் இருந்த நாள் அத்தனையும் அதே அறையில் செங்கோடனார் இருந்து கழிப்பார். இவ்வோலைக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார், நடந்து. வாரியத் தலைவர் குளம் வெட்டி முடியும்வரை முள்ளிக்குடியில், தாம் வகுத்த மனையிலேயே குடியிருக்கக் கடவர். இனி எவ்வூர்க்கும், அவ்வூரார் நீர் மொண்டு குடித்த பின்னரே முத்திரை.

முத்திரை மோதிரத்தைக் கழற்றி ஓலையோடு கட்டியிருக்கிறது. இதை மன்றம் கூட்டி உரக்க வாசிக்க. பூதிநங்கை முன்னிருக்கையில் அமர்ந்து கேட்க. அவள் சிரித்தால் காவலர் தடுக்கலாகாது. இது செங்கோடனாரின் கடைசி ஆணை.