அக்காவிடம் கேட்க வேண்டிய திருத்தம்

அம்மாவுக்கு,

இருமல் நின்றதா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஆறவில்லை.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய ஒரு மென்பொருளில் முதல் திருத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தேன். அதற்குக் கூலி கிடையாது. திருத்திய வரியோடு திருத்தியவர் பெயர் நிற்கும், அவ்வளவுதான். அதை நிர்வகிக்கும் பெரிய மனுஷன், "முதல்ல கத்துக்கிட்டு வாங்க" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதி, அவள் அனுப்பியதைத் தள்ளிவிட்டான். மறுநாள் அதையே தன் பெயரில் போட்டுக்கொண்டான். 'அக்காகிட்ட கேக்கணும்' என்று அவள் தனக்காக எழுதி, அழிக்க மறந்த குறிப்பும் அதில் அப்படியே கிடந்தது. எந்த அக்காவிடம் கேட்கப் போகிறானோ.

போன் போட்டுக் கேட்டேன். "யார் பேர்ல இருந்தா என்னங்க, வேலை நடந்துச்சுல்ல?" என்றான். த்தூ. அவளோ, "விடுங்கக்கா" என்று சிரிக்கிறாள். அதுதான் இன்னும் எரிகிறது.

இரண்டு தலையணை உறை அனுப்பு, பழசே போதும். மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மட்டும் பாப்பா என்று சொல்லாமல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. கேட்டு ரொம்ப நாளாகிறது.

உன் மூத்தவள்