மூன்று சவள்களும் சிவப்பில் ஒரு பெயரும்

சூறாவளி அடித்துப் பன்னிரண்டாம் வருஷம் அது. இந்திய ஆமி மூட்டை கட்டிப் போய், அடுத்த சண்டை மூளுவதற்குள் இடையில் ஒரு சித்திரை வந்ததே, அந்த வருஷம். தோணி வலிக்கிற சவள்களில் மூன்றாவதில் உன் பெயரைப் பச்சைப் பெயின்றால் எழுதினார்கள். அதே மணம் முந்தநாள் கழகத்து வாசலில் என் மூக்கில் ஏறியது. மச்சான், அதோடு ஆத்திரமும் ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லக் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் எழுதுகிறார். கெட்ட வார்த்தை வரும் இடங்களில் பேனையை நிறுத்திவிடுகிறார். அந்த இடங்களை நீயே நிரப்பிக்கொள்.

நம்முடைய விளையாட்டுக் கழகம் இப்போது ஓலை மடுவம் இல்லை, கல்லுக் கட்டடம். உள்ளே ஒரு சுவர் நிறையப் பெயர்கள். புகழ் மண்டபமாம். போட்டிகளில் வென்றவர்கள் வெள்ளையில், சண்டையில் செத்த விளையாட்டுக்காரர்கள் சிவப்பில்.

"நம்மட ஆள் எங்க, தம்பி?" என்று செயலாளரைக் கேட்டேன்.

சிவப்பில் உன் பெயரைத் தொட்டுக் காட்டினான். பக்கத்தில் ஒரு விளக்கின் படமும் கீறியிருந்தது.

"வெள்ளையில?"

"ஒருத்தர ரெண்டு இடத்தில எழுதுறதில்ல பெரியப்பா. சிவப்புதான் பெரிய மரியாத."

"அப்ப அவன் மூணு சித்திரைப் போட்டியில தோணி வலிச்சு வெண்டது?"

"மடுவம் எரிஞ்ச நேரம் சவளெல்லாம் போயிட்டுதே. பதிவு ஒண்டும் இல்ல. செத்ததுக்கு ஊரே சாட்சி."

கேட்டாயா? செத்ததுக்குச் சாட்சி இருக்கிறதாம். வாழ்ந்ததுக்கு இல்லையாம்.

நான் சாட்சியடா. தோணியில் முன்னுக்கு நான், பின்னுக்கு நீ. வாவிக்குள் நட்ட கம்பைச் சுற்றித் திரும்ப வேண்டும். மற்றத் தோணிகள் அகலமாய் வளைந்து வரும். நீ சவளைத் தண்ணீருக்குள் குத்தி, அசையாமல் பிடிப்பாய். "கிறுகுடா!" என்று ஒரு சத்தம். தோணி அந்தச் சவளைச் சுற்றியே கிறுகித் திரும்பிவிடும். பின்னால் வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாய். "மீன் பிடிக்கவா வந்தீங்க? வலைய மறந்திட்டீங்களே!" கரையில் நிற்கும் பெண்கள் வாய்பொத்திச் சிரிப்பார்கள். அதில் பூமணி மட்டும் வாய்பொத்தாமல் சிரிப்பாள். அவளைத்தானே கட்டினாய்.

வென்ற தோணியின் சவளை மடுவத்தில் தொங்கவிடுவது நம் வழக்கம். பின்னுக்கு இருந்து தோணியைத் திருப்புகிறவன் பெயரைத்தான் அதில் எழுதுவார்கள். முன்னுக்கு இருப்பவனுக்குப் பெயர் இல்லை. எனக்கு அதில் குறை இருந்ததில்லை. எழுத்துத் தெரியாவிட்டாலும் உன் பெயரின் வளைவு தெரியும். மூன்று சவளிலும் ஒரே வளைவு.

அந்தச் சவள்களைப் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள்.

சித்திரை போய் இரண்டு மாதத்தில் சண்டை மூண்டது. ஒரு காலையில் இயக்கப் பொடியன்கள் நாலு பேர் மடுவத்துக்குள் வந்தார்கள். கழகத் தலைவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். காயப்பட்டவர்களை வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து இந்தப் பக்கம் ஏற்ற வேண்டுமாம். விரைவாய்த் தோணி வலிக்கிறவன் யார் என்று கேட்டார்கள். தலைவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சுருட்டை இழுத்தார்.

அதில் ஒருவன் அண்ணாந்து சவள்களை வாசித்தான். "மூணும் ஒரே பேரா?"

என் வாய், மச்சான். "ஓம், நம்மட மச்சான்தான். அவன வெல்ல இந்த வாவியில இன்னும் ஆள் பிறக்கல்ல."

"வீடு எங்க?"

கையை நீட்டினேன். முருங்கை நிற்கிற வேலி என்று அடையாளமும் சொன்னேன். பெருமை, வேறொன்றுமில்லை. தலைவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் செய்ததென்ன என்று விளங்கியது.

உன்னை மடுவத்து வழியால்தான் கூட்டிவந்தார்கள். நின்று, என்னைப் பார்த்து, "முன்னுக்கு ஆள் இல்லாம தோணி நேராப் போகாது" என்றாய். அவர்களுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் வலையை விடவில்லை. முன்னுக்கு இருக்கிறவன் இவன்தான் என்று நீயும் சொல்லவில்லை. ஒரு விரல் நீட்டியிருந்தால் போதும். நீ நீட்டவில்லை.

பத்து நாள் வலித்தாய். பட்டப்பகலில், நடு வாவியில் முடிந்தது. எந்தப் பக்கத்து வெடி என்று இன்றும் ஆளுக்கொரு கதை. கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் தோணி கிடைத்தது. மறுகா, ரெண்டு நாள் கழித்துத்தான் நீ கிடைத்தாய்.

இதையெல்லாம் செயலாளரிடம் சொல்ல வாய் வரவில்லை. "அவன் உயிரக் குடுக்கல்லடா, எடுத்தாங்க" என்று மட்டும் கத்தினேன்.

அவன் பொல்லாதவன் இல்லை. "சரி, எடுத்தாங்க. எண்டாலும் அவர் ஏத்தினதால எத்தின பேர் பிழைச்சாங்க? அந்தக் கைப்பலத்த வெறும் சித்திரை விளையாட்டு எண்டு எழுதினா அவரச் சின்னதாக்கிறதில்லையா?" என்றான்.

வெறும் விளையாட்டாம்! செத்தவனுக்கு அழக் கோயில் இருக்கிறது, வாவி இருக்கிறது. விளையாட்டுக்காரனை விளையாட்டுக்காரனாய் நினைக்க இந்த ஒரு சுவர்தானே இருந்தது? அதையும் சாவுக்கே கொடுத்துவிட்டால், நாளைக்குச் சுவரைப் பார்க்கிற பிள்ளை எதைப் படிக்கும்? வெல்கிறது சின்னது, சாகிறது பெரிது என்றா?

நேற்று பஸ் ஏறிக் கிரானுக்குப் போனேன். பூமணி மகளோடு அங்கேதான் இருக்கிறாள். முற்றத்தில் நெல் காய்ந்தது. இத்தனை வருஷமாய் விழுங்கியதை அவள் முன்னால் கக்கினேன்.

அவள் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே கேட்டாள். முடித்தபோது சொன்னாள்: "தெரியும் அண்ணன். அண்டைக்கு மடுவத்துக்குப் பின்னால விறகு பொறுக்கிக்கொண்டு நிண்டன். உங்கட சத்தம் கேட்டுத்தான் வீட்டுக்கு ஓடினன். அவங்க முந்திட்டாங்க."

"ஏன் புள்ள ஒரு நாளும் கேக்கல்ல?"

"கேட்டா? அவர் வருவாரா?"

சுவரில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவள் கால் நின்றது.

"அவர் தோணிக்காரன். அத எழுதச் சொல்லுங்க. செத்ததத்தான் எழுதுவாங்க எண்டா முழுசா எழுதச் சொல்லுங்க. கூட்டிக்கொண்டு போனது ஆர், வீட்டக் காட்டினது ஆர், எல்லாம்."

இன்று காலை கழகத்துக்குப் போனேன். பெயின்ற் வேலை இன்னும் முடியவில்லை. செயலாளரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, வெள்ளையில அவன்ட பேர மூணு தரம் எழுது. மூணு சித்திரைக்கு மூணு. நான் சாட்சி. சிவப்ப அழிக்க மனமில்லாட்டி இருக்கட்டும். ஆனா அதுக்குக் கீழ இன்னொரு பேரும் எழுதவேணும். வீட்டக் காட்டினவன்ட பேர்."

தூரிகையைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். "அது ஆர் பெரியப்பா?"

மடுவத்துக்குள் வந்த நாலு பொடியன்களும் அந்தச் சண்டையிலேயே போய்விட்டார்கள். தலைவர் பாரிசவாதத்தில் கிடந்து போனார். நீ போனாய். அன்றைக்கு அந்தக் கூரைக்குக் கீழே நின்றவர்களில் இன்னும் மூச்சு விடுகிறவன் ஒருத்தன்தான். அந்தப் பெயரைச் சொன்னேன்.

மூத்ததம்பி.